கை ஓய்ந்தவர்க்கும் வாழ்வில் நோக்கம் வேண்டும்

மனிதன் வயிற்றுக்காக உழைக்கிறான் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் வயிற்றுக்காக மட்டுமே உழைக்கிறான் என்று கொள்வது தவறாகும். தறி நின்றுபோன நெசவாளரும், நிலத்தைப் பிள்ளைகளிடம் ஒப்புவித்துவிட்ட விவசாயியும் நம் சங்கங்கள் பலவற்றில் அங்கத்தினராக இருக்கின்றனர். இவர்களுள் சிலர் நாள் முழுதும் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அமர்ந்து பொழுதைக் கழிக்கின்றனர். சிலர் குடியை நாடுகின்றனர். சிலர் வீட்டில் எவரோடும் பேசாமல் ஒடுங்கிவிடுகின்றனர். இதனைச் சோம்பல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இது சோம்பலன்று. நோக்கம் இழந்த மனத்தின் தளர்ச்சியே ஆகும். இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக் காட்டிய ஊர் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அதுவும் நம்மைப் போன்ற நூல் தொழிலாளர் ஊரேயாகும்.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவுக்குத் தென்கிழக்கில் மரியன்தால் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1830-இல் அங்கு ஓர் ஆலை நிறுவப்பட்டது. நூற்பும் நெசவும் நடந்த அவ்வாலையை நம்பியே ஊர் வளர்ந்தது. உலகெங்கும் ஏற்பட்ட வியாபார மந்தத்தில் ஆலை 1929-இல் மூடத் தொடங்கி, 1930-இல் அடியோடு நின்றது. அங்கிருந்த 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கில் ஒருவருக்கும் வேலையில்லை. மாரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸெல் என்னும் ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் துணைவர்களும் 1931-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூருக்குச் சென்று, மக்களோடு பழகி, கண்டவற்றை 1933-இல் நூலாக வெளியிட்டனர்.

வேலை போனபின் ஓய்வு நேரம் ஏராளமாகக் கிடைத்ததே, அதைக் கொண்டு ஆடவர் நிறையப் படித்திருப்பார்கள், சங்கப் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்ததோ இதற்கு நேர்மாறு. ஊர் நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், 1929-க்கும் 1931-க்கும் இடையில் எடுத்துச் சென்ற புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் 100 ஆடவரைக் கவனித்தபோது 88 பேரிடம் கடிகாரம் இல்லை. நேரம் பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. காலையிலிருந்து மாலை வரை செய்தவற்றை எழுதித் தரும்படி கேட்டபோது, பலராலும் இரண்டு மூன்று காரியங்களுக்கு மேல் நினைவுகூர முடியவில்லை.

பெண்களின் நிலை வேறாக இருந்தது. ஆலையில் வேலை செய்த பெண்களும் கூலியை இழந்தவர்களே. ஆயினும் சமைத்தல், துவைத்தல், கிழிந்ததைத் தைத்தல், குழந்தைகளைப் பேணுதல் ஆகியவை அவர்களை விட்டுப் போகவில்லை. தெருவில் அவர்கள் நடந்த வேகம் ஆடவரைப்போல் ஒன்றரை மடங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். அவர்களுடைய வேலைக்காகக் காத்திருப்போர் வீட்டில் இருந்தனர். ஆடவர்க்காகக் காத்திருந்த வேலை எதுவுமில்லை. இதுவே வேற்றுமையின் மூலம்.

இதன் உட்பொருளை யஹோடா பிற்காலத்தில், 1982-இல் எழுதிய நூலில் விளக்கினார். வேலை கூலியைத் தருவதோடு வேறு ஐந்தையும் தருகிறது என்றார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே பிறரோடு பழக்கம், பலர் கூடி அடையும் நோக்கத்தில் ஒரு பங்கு, ஊரில் ஒரு மதிப்பு, உடலுக்கும் அறிவுக்கும் இடையறாத இயக்கம் என்பனவே அவை. பாவு நீட்டும் வேளையை எண்ணிப் பார்த்தால் இவ்வைந்தும் நமக்கு விளங்கும். விடியுமுன் எழுகிறோம், அண்டை வீட்டார் பலர் கூடுகின்றனர், அவரவர்க்கு ஓர் இடம் உண்டு, இழை பிணைப்பதில் கைதேர்ந்தவரை மற்றவர்கள் மதிக்கின்றனர். தறி நிற்கும்போது இவை யாவும் ஒருசேர நின்றுவிடுகின்றன.

ஆனால் ஒன்றை இங்கே மறக்கலாகாது. நோக்கம் இருந்தால் சோறு வேண்டாம் என்று எவரும் இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. மரியன்தாலில் மனந்தளராத குடும்பங்களில், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட மாத வருமானம் சராசரி 34 ஷில்லிங்காக இருந்தது. எதிலும் பற்றற்றுப் போன குடும்பங்களிலோ அது 19 ஷில்லிங்கே. வறுமை மிகுமளவு மனமும் உடைகிறது. ஆகவே கூலியும் உதவித்தொகையும் ஓய்வூதியமும் முதலில் வேண்டும். அவை மட்டும் போதா என்பதே நாம் சொல்ல வருவது.

அவற்றுக்கு மேல் வேண்டுவது யாது? அதே காலத்தில் வியன்னாவில் மருத்துவராயிருந்த விக்டர் ஃபிராங்கல் இதற்கு விடை கண்டார். வேலையற்ற இளைஞர்கள் தம்மைப் பயனற்றவர் என்றும், பயனற்ற வாழ்வு பொருளற்றது என்றும் எண்ணிச் சோர்ந்திருப்பதை அவர் கண்டார். அவர்களை இளைஞர் சங்கங்களிலும், முதியோர் கல்வி வகுப்புகளிலும், நூலகங்களிலும் ஊதியமின்றித் தொண்டு செய்யத் தூண்டினார். அவர்களுடைய பசி தீரவில்லை, வருமானமும் கூடவில்லை. ஆயினும் மனச்சோர்வு நீங்கிற்று என்று அவர் எழுதியுள்ளார். அறிவுரை கேட்டதனால் அன்று, தாம் தேவைப்படுகிறோம் என்பதைக் கண்டதனாலேயே அவர்கள் தேறினர்.

ஆஸ்திரேலியாவில் 1990-களிலிருந்து பரவிவரும் ஆடவர் பட்டறைகளும் இவ்வழியைச் சேர்ந்தவையே. 1998-இல் விக்டோரியா மாநிலத்தின் டோங்காலா என்னும் ஊரில் இப்பெயர் தாங்கிய பட்டறை திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அங்கே கூடி மரவேலை செய்கின்றனர், பழுது நீக்குகின்றனர், பள்ளிகளுக்கும் பிறர்க்கும் வேண்டியவற்றைச் செய்து தருகின்றனர். நேருக்கு நேர் அமர்ந்து மனக்குறையைச் சொல்லக் கூசும் ஆடவர், அருகருகே நின்று வேலை செய்யும்போது தாமாகவே பேசத் தொடங்குகின்றனர் என்பது இப்பட்டறைகளின் அனுபவம்.

நம் சங்கங்கள் இதற்கெனப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. பழைய தறிக்கூடத்தின் ஒரு மூலை போதும். கண் மங்கியதால் தறியில் அமர முடியாத பெரியவர் அச்சு கட்டும் முறையையும், சாயம் கூட்டும் பக்குவத்தையும் இளைஞர்க்குக் கற்பிக்கலாம். விவசாயி ஒருவர் விதை தேர்வு செய்வதையும், வாய்க்கால் முறையைக் கவனிப்பதையும் பொறுப்பேற்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் பிறருக்கு மனுக்கள் எழுதித் தரலாம். ஆனால் இதில் மூன்று விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். கொடுக்கும் வேலை உண்மையில் தேவையானதாக இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்கென்று கற்பித்த வேலை எவரையும் ஏமாற்றாது. அதற்கு நாளும் நேரமும் குறிப்பிட்டிருக்க வேண்டும். அவர் ஒரு நாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருக்க வேண்டும். கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்ற பெயரால் இலவசமாக வாங்குவதோ கூட்டுறவுக்கே இழுக்காகும்.

சங்கம் கடன் கொடுப்பதற்கும் சரக்கு விற்பதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று. ஒருவர்க்கு ஒருவர் தேவை என்பதே அதன் அடிப்படை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், கை ஓய்ந்து வீட்டிலிருக்கும் அங்கத்தினர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவர்க்கும் தெரிந்த வித்தை எது, அது யாருக்குத் தேவை என்று ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னர் அவர்கள் இல்லம் சென்று, உங்களால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்று அழைப்பது நம் கடமையாகும்.