அட்டைக்கடியும் குருதி உறைதலும்

மழைநாளில் ஹற்றன், மஸ்கெலியாப் பகுதித் தேயிலை மலைகளிற் கொழுந்து பறிப்போரின் கால்களில் அட்டை ஏறுவது புதிதன்று. கடித்தது தெரிவதில்லை. வயிறு நிரம்பி அது தானே வீழ்ந்த பின்னரும் குருதி நெடுநேரம் கசிந்துகொண்டிருப்பதே வியப்பு. கவ்வாத்துக் கத்தி பட்ட கீறல் சில நிமிடங்களில் அடங்கிவிட, அதனினுஞ் சிறிய இக்கடிவாய் அடங்காதது யாது காரணம்? இதற்கு விடை காணப் புகின், முதற்கண் குருதி உறையும் முறையை அறிதல் வேண்டும்.

குருதிக் குழாய் அறுபட்டவுடன் அது சுருங்கி வழியை ஒடுக்குகின்றது. அடுத்து, குருதிச் சிறுதட்டுக்கள் அறுபட்ட இடத்தில் ஒட்டி, ஒன்றையொன்று பற்றி அடைப்பொன்றை ஆக்குகின்றன. ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் இவை ஏறக்குறைய 1,50,000 முதல் 4,50,000 வரை உள. எனினும் இவ்வடைப்பு மண்ணணை போன்றது. வேலி கட்டாவிடின் கரைந்துவிடும்.

அவ்வேலியே பைபிரின் என்னும் நார்வலை. இதன் மூலப்பொருளாகிய பைபிரினோசன் குருதியில் எப்போதுங் கரைந்தே உளது. அதனை நாராக்கும் நொதியம் துரொம்பின். துரொம்பினோ புரொத்துரொம்பின் என்னும் செயலற்ற வடிவிலேயே ஓடுகின்றது. காயமுற்ற இழையத்தின் தூண்டுதலாற் பல காரணிகள் ஒன்றையொன்று எழுப்பி, கல்சியத்தின் துணையோடு அதனைத் துரொம்பினாக மாற்றுகின்றன. புரொத்துரொம்பினை ஈரல் ஆக்குதற்கு விற்றமின் கே இன்றியமையாதது. பிறந்த துரொம்பின் தன் பிறப்பைத் தானே விரைவுபடுத்தும். அளவு மீறாதபடி அதனைத் தடுக்கும் பொருள்களும் குருதியிலேயே உள. உறைய வேண்டிய இடத்தில் உறைதலும், ஏனைய இடங்களில் உறையாதிருத்தலும் ஒருங்கே வேண்டப்படுவன அல்லவா?

அட்டை கைவைப்பது இத்துரொம்பின்மீதே. 1884ஆம் ஆண்டில் ஜோன் பெரி ஹேக்ராவ்ற் என்பார் மருத்துவ அட்டையின் வாய்ச்சுரப்பிற் குருதியை உறையவிடாத பொருளொன்று உண்டெனக் காட்டினார். பின்னர் இருடின் எனப் பெயர்பெற்ற அப்பொருள் துரொம்பினை இறுகப் பற்றிச் செயலறச் செய்கின்றது. நில அட்டை இனத்திலும் இதனையொத்த பொருள் கண்டறியப்பட்டுள்ளது. உண்ணுங் குருதி தன் வயிற்றில் உறைந்துவிடாதிருக்க அட்டை செய்துகொண்ட ஏற்பாடு இது. அச்சுரப்பு கடிவாயிலும் எஞ்சுவதாற் கசிவு நீள்கின்றது. இருடினைப் பின்பற்றி ஆக்கிய மருந்தொன்று இன்று இருதயக் குழாய்ச் சிகிச்சையிற் பயன்படுகின்றது. நாம் சுண்ணாம்பு தடவி உதறிவிடும் பிராணியின் எச்சிலுக்கு இத்துணை மதிப்பு!

1344ஆம் ஆண்டளவிற் சிவனொளிபாத மலைக்கு ஏறிய இபுனு பதூதா, இவ்வழியிலுள்ள அட்டைகளையும், மக்கள் அவற்றின்மேல் எலுமிச்சஞ்சாறு பிழிந்து வீழ்த்துவதையுங் குறித்துள்ளார். எலுமிச்சையுஞ் சுண்ணாம்பும் அட்டையை அகற்றுமேயன்றி உட்சென்ற சுரப்பை அகற்றா. ஆதலின் கடிவாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் தூய துணியால் அழுத்திப் பிடித்தலே தக்கது. சிலர் கோப்பித்தூளை அப்புவர்; அது கிருமிக்கு இடங்கொடுப்பதாகும்.

அட்டைக்கடியின் கசிவு அவ்விடத்தோடு நிற்பது. விரியன் நஞ்சு அத்தகையதன்று. கண்ணாடி விரியனின் நஞ்சு, அட்டையைப்போல் உறைதலைத் தடுப்பதன்று. உடலெங்கும் அதனை வீணே தூண்டிவிடுவது. பைபிரினோசன் முழுதுஞ் செலவாகிவிட, உண்மையான காயத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. தேயிலைத் தூரடிச் சருகிற் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியன் கடித்தோரிற் சிலர்க்கும் உறைதல் கெடுவதுண்டு. அதற்கேற்ற நச்சுமுறி இலங்கையில் வழக்கமாகக் கிடைப்பதில்லையாதலாற் கடியுண்டவரை வைத்தியசாலையில் வைத்துக் கவனித்தல் அவசியம். அங்கே நோயாளியின் குருதியிற் சிறிதளவு, தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அசையாது வைக்கப்படும். கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுமாதலாற் பிளாஸ்ரிக் குழாய் இதற்கு உதவாது. 20 நிமிடத்தின் பின் குழாயைச் சரித்துப் பார்ப்பர். குருதி அப்போதும் நீராய் ஓடின், வெளிக்காயம் சிறிதேயாயினும் ஆபத்து உள்ளே இருக்கின்றது. முரசிலிருந்தோ சிறுநீரிலோ குருதி காணும்வரை லயத்தில் மருந்து கட்டிக் காத்திருப்போர் இழப்பது இந்நேரத்தையே.