கடைக்காரர் கேட்கும் கேள்வி

வீட்டில் ஒரு விளக்கு எரியாமற்போனாலும், மின்விசிறி சுழலத் தயங்கினாலும், நம்மில் பெரும்பாலோர் முதலில் நாடுவது கடைத்தெருவிலுள்ள எலக்ட்ரிக்கல் கடையைத்தான். மருந்துக்கடையில் நின்றபடியே வியாதியைச் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்வதைப்போல, சாமானையும் யோசனையையும் ஒருங்கே பெற்றுத் திரும்பிவிடலாம் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அது ஆதாரமற்ற நம்பிக்கையென்று நான் கருதவில்லை. பல்லாண்டு கவுண்டரில் நின்று, எந்தச் சுவிட்ச் ஆறே மாதத்தில் திரும்பி வந்தது, எந்த ஒயரைப்பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை என்றெல்லாம் அறிந்து வைத்திருப்பவரின் அனுபவம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும் அவர் நம் வீட்டுச் சுவரைப் பார்த்தவரல்லர். அதற்குள் எந்தத் தடிமனுள்ள ஒயர் ஓடுகிறது, எர்த் இணைப்பு உருப்படியாக இருக்கிறதா என்பவற்றை நாம் சொன்னாலன்றி அவர் அறிய வழியில்லை. ஆகையால், சாமானை எடுத்து வைப்பதற்குமுன் நம்மை எவர் விசாரிக்கிறாரோ அவரே நம்பத்தக்க கடைக்காரர் என்பது என் அபிப்பிராயம்.

மதுரையில் ஒரு கடையில் நான் கேட்ட சம்பாஷணை இது. இளைஞர் ஒருவர் வந்து, “அண்ணே, பதினாறு ஆம்ப்ஸ் எம்.சி.பி. அடிக்கடி விழுந்துக்கிட்டே இருக்கு, முப்பத்திரண்டா ஒண்ணு குடுங்க” என்றார். பெரியவரான கடைக்காரர் அலமாரிப்பக்கம் திரும்பவேயில்லை. “அந்த லைன்ல என்னென்ன ஓடுது தம்பி?” என்று கேட்டார். “வாட்டர் ஹீட்டர். இப்போ புதுசா இண்டக்‌ஷன் அடுப்பும் அதுலதான் போட்டிருக்கோம்.” “உள்ள என்ன ஒயர் போயிருக்கு?” “தெரியலண்ணே, வீடு கட்டினப்போ போட்டது.” “அப்படின்னா முப்பத்திரண்டு வேணாம் தம்பி. ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்க, ஒயர் நான் தரேன்.”

அவர் சொன்னதன் நியாயத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். 3000 வாட் ஹீட்டர், 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும்; 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர்; ஆக 22. பாரம் மிகும்போது தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சே எம்.சி.பி.; பதினாறுக்கென்று அமைந்த ஒன்று இவ்வளவு பாரத்தைச் சிறிது நேரம் பொறுத்துப் பிறகு விழுகிறதென்றால், அது பழுதின் லட்சணமன்று. தன் கடமையைச் செய்வதன் அடையாளம். எம்.சி.பி. முதன்மையாகக் காப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரைத்தான். மின்னோட்டம் இருமடங்கானால் ஒயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதியாதலின், ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவது, நெருப்புக்குச் சுவருக்குள்ளேயே இடம் கொடுப்பதாகும். கேட்டதை மறு பேச்சின்றி எடுத்துக் கொடுத்திருந்தால் கடைக்காரருக்கு உடனடி வியாபாரம் ஆகியிருக்கும். அதை விட்டுக்கொடுத்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

அத்தகையவர் கேட்கும் கேள்விக்கு விடையளிக்கத் தக்க விவரங்களோடு செல்வது நம் பொறுப்பு. சாதனத்தின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட வாட் அளவு, போர்டிலிருந்து அது இருக்கும் தூரம், கழற்றிய பழைய பாகம் ஆகியவை கையிலிருந்தால் பாதி வேலை முடிந்தது. மின்விசிறியின் கண்டன்சரில் 2.5 என்றோ 3.15 என்றோ மைக்ரோஃபாரட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதே அளவைத்தான் வாங்கவேண்டும். ‘பெரிசாப் போட்டா வேகமா ஓடும்’ என்று ஆலோசனை கூறுபவரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. மிகையான கண்டன்சர் காயிலைச் சூடாக்கிக் கெடுக்கும்.

ஒயர் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய பழக்கமுள்ள ஒயர்மேன்கள் இன்றும் 3/22, 3/20, 7/20 என்றே சீட்டெழுதிக் கொடுக்கிறார்கள், கடையிலோ 1.5, 2.5, 4 சதுர மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் காயில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 3/20 என்பது ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 1.5 கொடுப்பவர் குறைத்துக் கொடுக்கிறார், 2.5 கொடுப்பவரே நிதானமறிந்தவர். 7/20 ஏறத்தாழ 4.6 ஆதலால், அதன் ஸ்தானத்தில் 4 போதுமா என்பதைப் பாரத்தைச் சொல்லி நிச்சயித்துக்கொள்ளவேண்டும். காலை வேளையில் ஒயர்மேன்கள் சீட்டோடு மொய்க்கும்போது இத்தகைய விசாரணைக்கு எந்தக் கடைக்காரருக்கும் அவகாசமிராது. பிற்பகலில் செல்வது உத்தமம்.

சாமானின் தரத்தை ஓரளவு நாமே பரிசோதிக்கலாம். வீட்டு ஒயருக்குரிய தர நிர்ணயம் ஐ.எஸ். 694, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணை இட்டால் உரிமம் யாருடையது, செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். அதோடு ஒயரின் முனையைச் சிறிது சீவிப் பார்ப்பதும் நன்று. வழக்கமான 2.5 ஒயரில் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள 36 இழைகள் இருக்கும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளும் புறமும் செம்பாகவே இருக்கவேண்டும். வெண்மை தென்பட்டால் அது செம்பு பூசிய அலுமினியம். நேர்மையான கடைக்காரர் இந்தச் சோதனைக்குக் கோபிப்பதில்லை.

கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைப் பலர் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே கேட்டு வாங்குகிறார்கள். பெயர் எதுவாயினும், அதன்மேல் 30 மில்லி ஆம்பியர் என்று குறித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மனித உயிரைக் காக்கும் நோக்கத்துக்கு உரிய அளவு அதுவே. 100, 300 என்று குறித்தவை தீவிபத்தைத் தடுப்பது முதலான வேறு காரியங்களுக்கானவை. இதைப் பொருத்துவதும், எர்த்தைச் சோதிப்பதும் கவுண்டர் யோசனையால் ஆகிற காரியங்களல்ல. தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனையே அழைக்கவேண்டும். அவர் வேலையை முடித்ததும், மின்சாரம் ஓடும் நிலையில் அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை நம் கண்ணெதிரிலேயே அழுத்திக் காட்டச் சொல்லவேண்டும். இணைப்பு அந்தக்கணமே அறவேண்டும். அறாவிட்டால், ஒயரிங்கை அவர் மறுபடி சரிபார்த்தபின், குற்றம் சாமானில்தான் என்று தெரிந்தால் பில்லோடு அதைக் கடைக்கு எடுத்துச்சென்று மாற்றிக்கொள்ளலாம்.