தண்ணீரே இறுக்கும் மூடி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தின் வடபகுதியில், தண்ணீர் அரித்து உண்டான சுண்ணாம்புக் குகைகள் மைல் கணக்கில் நீள்கின்றன. ஜின்னி ஸ்பிரிங்ஸ், வக்குல்லா போன்ற ஊற்றுகளின் வாய்வழியே ஸ்கூபா வீரர்கள் உள்ளே இறங்குவார்கள். கொஞ்ச தூரம் போனதுமே வெளிச்சம் அற்றுப்போகும். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஆளுக்கு மூன்று விளக்காவது வேண்டும் என்பது அங்கே உயிர் காக்கும் விதி.

அந்த மூன்றில் பெரியது கேனிஸ்டர் லைட். பேட்டரி ஓர் உருளைப் பெட்டிக்குள் இடுப்பில் இருக்கும். அதிலிருந்து கேபிள் ஒன்று கையில் பிடித்த விளக்குக்குப் போகும். கடையில் வாங்கினால் விலை அதிகம். லேத் வேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

ஒளி உண்டாக்குவது இன்று கஷ்டமில்லை. 20 வாட் எல்.இ.டி. ஒன்றும், அதற்குச் சீரான மின்னோட்டம் தரும் டிரைவர் சர்க்யூட்டும் போதும். ஆனால் அந்த 20 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகவே போகிறது. அதனால் எல்.இ.டி.யை அலுமினியத் தலையோடு ஒட்டிப் பொருத்துவார்கள். அலுமினியம் வாங்கும் சூட்டைச் சுற்றியிருக்கும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். கரையில் நின்று வெகுநேரம் எரியவிட்டால் எல்.இ.டி. சில்லு கருகிவிடக்கூடும்.

உண்மையான சவால் பெட்டிதான். ஆழம் 10 மீட்டர் கூடும்போதெல்லாம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் ஒரு கிலோ அழுத்தம் ஏறுகிறது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தும் விசை ஏறக்குறைய 235 கிலோ. தாட்டியான மூன்று பேர் மூடிமேல் ஏறி நிற்பது போல. இத்தனை பாரத்தையும் மீறித் தண்ணீரை வெளியிலேயே நிறுத்துவது ஒரு ரப்பர் வளையம்!

ஓ-ரிங் எனப்படும் அந்த வளையத்துக்கு டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எவ்வளவு எளிய கருவி, எவ்வளவு பெரிய மூளை! பள்ளத்துக்குள் லேசாக நசுங்கி உட்கார்ந்திருக்கும் வளையத்தை, உள்ளே நுழையப் பார்க்கும் தண்ணீரே பள்ளத்தின் மறுசுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. வளையம் பிதுங்கி இடுக்கை அடைக்கிறது. ஆழம் கூடக் கூட அடைப்பும் இறுகும். ஆகவே சரியாகப் பதியாத வளையம் 30 மீட்டரில் அல்ல, முதல் இரண்டு மூன்று மீட்டரிலேயே கசியக்கூடும். அங்கே அதைத் தள்ளிப் பதிய வைக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்காது. ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், பள்ளத்தில் லேத் உளி விட்ட ஒரு கீறல், எதுவானாலும் கசிவுக்குப் போதும். வளையத்தில் பூசும் சிலிக்கோன் கிரீஸ் தண்ணீரை அடைப்பதற்காக அல்ல. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி இடத்தில் உட்காரத்தான். அப்பிப் பூசினால் அதுவே மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கேபிளும் ஏமாற்றும். விளக்குத் தலையில் கசிந்த நீர், செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து பேட்டரிப் பெட்டிவரை வந்துவிடலாம். விவரமானவர்கள் கேபிள் நுழையும் இடத்தில் எபாக்சி ஊற்றி அந்த வழியை அடைத்துவிடுவார்கள்.

பேட்டரிக்குத் தண்ணீர் பட்டால் மின்னாற்பகுப்பு நடந்து ஹைட்ரஜன் வாயு சேரும். வெளியேற வழியில்லாத பெட்டி வெடிக்கக்கூடும். வாயு மிஞ்சினால் திறந்துவிடும் வால்வு ஒன்றை வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. நனைந்த பெட்டியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கவே கூடாது.

பேட்டரி வைக்குமுன் சோதனை. வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்து, மூடி, ஈயக்கட்டி கட்டி, கயிற்றில் இறக்குகிறார்கள். முதலில் ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம், பிறகு போக நினைக்கும் ஆழத்தைவிடக் கீழே. மேலே எடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த கையால் திறக்க வேண்டும். பேப்பரில் ஈரம் எந்தப் பக்கம் என்று பார்த்தால், கசிந்தது மூடியா கேபிளா என்று தெரிந்துவிடும்.