காவியும் நிகழ்தகவும்: வன்னி மண்ணிற் சில பயிற்சிக் கணக்குகள்

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் மாணவர் பலருக்கு இரண்டு பாடங்கள் இடறுகற்களாக அமைகின்றன. ஒன்று காவி, மற்றது நிகழ்தகவு. சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை அடுக்கி வைத்து, விடைகளை மனப்பாடஞ் செய்து, வினாவில் ஒரு சொல் மாறியவுடன் திகைத்து நிற்போர் எங்கும் உளர். இவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். கணக்கு எப்பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று பாராமலே விடையை நாடி விரைகின்றனர், குறை அவ்வளவே.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பயிலும் மாணவருக்கு அப்பொருள்கள் தொலைவில் இல்லை. களப்பிலும் திண்ணையிலும் வெளியிலும் அவை கிடக்கின்றன. மூன்றை மட்டும் இங்கே எடுத்துக் காண்போம். பெற்றோரும் பிள்ளைகளுடன் அமர்ந்து வாசிக்கலாம்.

களப்பைக் கடக்கும் வள்ளம்

முதலிற் சொல்லைக் கவனியுங்கள். நெல்மூடையைக் காவுகிறான், குடத்தைக் காவி வருகிறாள் என்று நம் ஊர்களிற் பேசுகிறோம். 'வெக்ற்றர்' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்வது என்பதே பொருள். அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹமில்ற்றன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சொல்லை இன்றைய கணிதப் பொருளில் வழங்கினார். தமிழ்நாட்டார் திசையன் என்பதை நாம் காவி என்கிறோம். ஒன்றைக் காவிச் செல்வதாயின் எவ்வளவு தூரம் என்பதுடன் எத்திசை என்பதும் தெரிதல் வேண்டும். பருமனும் திசையும் ஒருங்கே உடையது காவி.

இனிக் கணக்கு. மாரிகாலத்தில் வெள்ளம் நந்திக்கடலிலிருந்து கடலை நோக்கி ஓடுகிறது. களப்பின் ஓரிடத்தில் அகலம் 2 கிலோமீற்றர், நீரோட்டத்தின் கதி மணிக்கு 3 கிலோமீற்றர், அசையா நீரில் வள்ளத்தின் கதி மணிக்கு 5 கிலோமீற்றர் என்று கணக்கிற்காகக் கொள்வோம். நேர் எதிர்க்கரையை அடைய விரும்புபவன் அணியத்தை எத்திசையில் வைத்தல் வேண்டும்?

அணியத்தை நேரே எதிர்க்கரைக்கு வைத்தால், 2ஐ 5ஆல் வகுக்க 24 நிமிடத்தில் கரை கிட்டும். ஆனால் அந்த 24 நிமிடத்தில் நீர் அவனை 1.2 கிலோமீற்றர் கீழே கொண்டுபோய்விடும். ஆகவே நீரோட்டத்துக்கு எதிராக அணியத்தைச் சாய்த்தல் வேண்டும். 5ஐச் செம்பக்கமாகக் கொண்ட செங்கோண முக்கோணி ஒன்றை வரையுங்கள். ஒரு பக்கம் 3, மற்றது 4. வள்ளத்தின் 5இல் நீருக்கு எதிரான கூறு 3 ஆகி ஓட்டத்தை ஈடுசெய்ய, கரையை நோக்கிய கூறாக 4 எஞ்சுகிறது. 2ஐ 4ஆல் வகுக்க 30 நிமிடம். ஆறு நிமிடம் கூடுதலாயினும் வள்ளம் சேரவேண்டிய துறையிலேயே சேர்கிறது. நேர்த்திசைக்கும் அணியத்துக்கும் இடைக்கோணத்தின் சைன் பெறுமானம் 3/5.

இங்கே கற்கவேண்டியது ஒன்றுண்டு. படம் வரைந்தவனுக்குச் சூத்திரம் தானே தோன்றும். சூத்திரத்தை முதலில் தேடுபவனுக்குப் படம் தோன்றுவதில்லை.

திண்ணையில் உருளும் சோகி

தாயம் விளையாடும் வீடுகளில் நான்கு சோகிகளை உருட்டுவதைக் கண்டிருப்பீர்கள். சரியாக இரண்டு சோகிகள் வாய் மேல்நோக்கி விழுவதற்கான நிகழ்தகவு யாது?

"மேல்நோக்கி விழுவன பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஐந்து வகை, ஆகவே ஐந்தில் ஒன்று" என்று பலர் எழுதுவர். இது பிழை. இவ்வகையில் இடறியவர்கள் மாணவர் மட்டும் அல்லர். த'அலம்பேர் என்னும் பெரும் பிரெஞ்சு அறிஞர் 1754இல், ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையேனும் விழுவதற்கான நிகழ்தகவு மூன்றில் இரண்டு என எழுதினார். சரியான விடை நான்கில் மூன்று. எண்ணப்படும் விளைவுகள் சமமாய் நேரத்தக்கனவா என்று பாராமல் எண்ணியதே அவர் தவறு.

ஒவ்வொரு சோகிக்கும் இரு நிலைகள் உண்டு. நான்குக்கும் 16 விளைவுகள். அவற்றுள் இரண்டு மேலாக விழுவன 6. எனவே விடை 6/16, அதாவது 3/8.

இத்துடன் முடிந்ததா? இல்லை. சோகி நாணயமன்று, அதன் முதுகு உருண்டது, வாய்ப்புறம் தட்டையானது. இரு நிலைகளும் சமமென்று யார் சொன்னார்? ஒரு சோகியை 200 தரம் உருட்டிக் கொப்பியிற் குறியுங்கள். 80 தரம் வாய் மேலாக விழுந்ததென்று கொள்வோம். அப்போது நிகழ்தகவை அண்ணளவாக 2/5 எனலாம். நான்கில் இரண்டு மேலாக விழுவதற்கு விடை: 6 × (2/5)² × (3/5)² = 216/625, அதாவது 0.3456. முன்பு கண்ட 0.375இலிருந்து இது வேறுபடுகிறது. வீட்டுச் சோகியை உருட்டிப் பார்த்தவனே இவ்வேறுபாட்டின் காரணத்தை மறவான்.

முகமாலை வெளியில் ஒலிக்கும் கருவி

மூன்றாவது கணக்கு விளையாட்டன்று. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர், கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையிலும் பிற இடங்களிலும் மிதிவெடி அகற்றுவோர் நிலத்தை அடியடியாகச் சோதித்து வந்துள்ளனர். அவர்களுட் பெண்கள் பலர். உலோகங்காட்டும் கருவி ஒலித்தால் அங்கே மிதிவெடி இருக்கலாம். ஆணியோ தகரமோ குண்டுச் சிதறலோவும் இருக்கலாம்.

10,000 சிறு கட்டங்களாக ஒரு நிலத்தைப் பிரித்து, அவற்றுள் 100இல் மிதிவெடி உண்டென்று கணக்கிற்காகக் கொள்வோம். மிதிவெடியுள்ள கட்டத்திற் கருவி நூற்றுக்கு 99 தரம் ஒலிக்கும். இல்லாத கட்டத்திலும் நூற்றுக்கு 10 தரம் ஒலிக்கும். கருவி ஒலித்த கட்டத்தில் மிதிவெடி இருப்பதற்கான நிகழ்தகவு யாது?

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று நா எழும். பொறுத்து எண்ணுங்கள். மிதிவெடியுள்ள 100 கட்டங்களில் 99 ஒலிக்கும். இல்லாத 9,900 கட்டங்களில் 990 ஒலிக்கும். ஒலிப்பவை மொத்தம் 1,089. விடை 99/1,089, அதாவது 1/11. தோமஸ் பேயிஸ் இறந்தபின் 1763இல் வெளிவந்த அவரது கட்டுரையின் வழிவந்த தேற்றம் தரும் விடையும் இதுவே.

பதினொன்றிற் பத்து வீண் ஒலி என்றால், அகற்றுபவர் அலட்சியமாகத் தோண்டலாமா? ஒருபோதும் இல்லை. ஒவ்வோர் ஒலியையும் மிதிவெடி என்றே கொண்டு மண்ணை விலக்குகின்றனர். நிகழ்தகவு சிறிதாயினும் இழப்பு ஓர் உயிர் அன்றோ! இன்னொன்றும் காண்க. ஒலிக்காத 8,911 கட்டங்களில் ஒன்றில் மிதிவெடி எஞ்சியிருக்கிறது. துப்புரவான நிலத்தை மீண்டும் சரிபார்ப்பது ஏன் என்பதற்கு அந்த ஒன்றே விடை.

மாணவருக்கு ஒரு சொல்

2009 ஆகஸ்டில், வவுனியா முகாம்களில் இருந்தவாறே வன்னி மாணவர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். இடம்பெயர்ந்தோரால் கொப்பிகளையெல்லாம் காவிச் செல்ல இயலாது. படம் வரையும் பழக்கமும் முறையாக எண்ணும் பழக்கமும் உள்ளத்தோடு வருவன. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் உளது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உளது. வாயில் வீட்டருகே வந்துவிட்டது. நாளொன்றுக்கு இரண்டு கணக்குகள் போதும். ஆனால் விடையைப் பாராமல் நீங்களே செய்தல் வேண்டும்.

செய்து பார்க்க

1. ஏ9 வீதியில் வடக்கு நோக்கி மணிக்கு 12 கிலோமீற்றர் கதியிற் சைக்கிளோட்டும் மாணவிக்கு, காற்று நேர் கிழக்கிலிருந்து மணிக்கு 5 கிலோமீற்றர் கதியில் வீசுவதுபோல் தோன்றுகிறது. காற்றின் உண்மைக் கதி யாது?

2. பத்து விதைக் கச்சான்களுள் மூன்று முளையாதவை. மீள வைக்காமல் இரண்டை எடுத்தால், ஒன்றேனும் முளைப்பதாயிருக்க நிகழ்தகவு யாது?

3. மேற்கண்ட நிலத்தில் மிதிவெடியுள்ள கட்டங்கள் ஆயிரத்துக்கு ஒன்றே எனின், ஒலித்த கட்டத்தில் மிதிவெடி இருக்க நிகழ்தகவு யாது?

விடைகள்: (1) மணிக்கு 13 கிலோமீற்றர். (2) 14/15. (3) 11/1,121, ஏறத்தாழ நூற்றில் ஒன்று.