சாலையும் சதுப்பும்: பரம்பிக்குளம் எழுப்பும் வினா

பரம்பிக்குளம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை ஊராட்சிக்கு உட்பட்டது. ஆயினும், தம் ஊராட்சி அலுவலகத்திற்கு வண்டியில் வர விரும்பும் பரம்பிக்குளம்வாசி ஆனைப்பாடியைக் கடந்து தமிழ்நாட்டிற்குள் புகுந்து, டாப்சிலிப், சேத்துமடை வழியே சமவெளிக்கு இறங்கி, மீண்டும் கேரள எல்லைக்குள் நுழைய வேண்டும். தம் மாநிலத்திற்குள் இருக்கும் ஓர் ஊருக்கு அயல் மாநிலத்தின் வழியே செல்லும் இந்நிலை நெடுங்காலமாக நீடித்து வருவதாகும்.

கொச்சி அரசின் காலத்தில் இம்மலைகளின் மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டு செல்ல ஒரு வன டிராம் பாதை இயங்கியது. அது 1963இல் மூடப்பட்டது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழ் எழுந்த பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் அமைந்திருந்தும், 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தமிழ்நாட்டின் நிர்வாகத்தில் உள்ளன. மரத்திற்கென ஒரு வழியும், நீருக்கென ஒரு வழியும் அமைந்தன. இங்கு வாழும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினரின் தேவைக்கெனத் தனியே ஒரு வழி அமையவில்லை.

இக்குறை 2020ஆம் ஆண்டில் பெரிதாக வெடித்தது. கொரோனா நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் மாநில எல்லையில் போக்குவரத்து தடைப்பட்டபோது, தேக்கடி அல்லிமூப்பன் குடியிருப்பு மக்கள் செம்மணாம்பதியை நோக்கித் தாமே காட்டுப்பாதை வெட்ட முற்பட்டனர். (இந்தத் தேக்கடி பரம்பிக்குளம் பகுதியைச் சேர்ந்தது, இடுக்கி மாவட்டத்துத் தேக்கடி வேறு.) புலிகள் காப்பகத்திற்குள் பாதை வெட்டலாமா என்ற வினாவும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியற்ற குடிமகன் வேறென்ன செய்வான் என்ற வினாவும் ஒருங்கே எழுந்தன.

சட்டம் இவ்விடத்தில் முற்றிலும் கதவடைத்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையின் பேரில், பள்ளி, மருந்தகம், சாலை போன்ற பொது வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க இடமளிக்கிறது. நிபந்தனைகள் இரண்டு: ஒவ்வொரு வசதிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. 3 மீட்டர் அகலப் பாதையெனில், ஏறத்தாழ 3,300 மீட்டர் நீளத்திலேயே ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். புலிகள் காப்பகத்தில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிபந்தனைகளையும் இத்துடன் கருத வேண்டும்.

இவ்வரம்புகள் நல்லவையே. எனினும், அவை நிலத்தின் பரப்பையும் மரத்தின் எண்ணிக்கையையும் மட்டுமே அளக்கின்றன. மரங்களைக் காக்க வேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டுப் பாதை வகுக்கும் பொறியாளரின் கண் இயல்பாகவே மரமற்ற இடத்தை நாடும். பரம்பிக்குளத்தில் மரமற்ற தாழ்நிலம் என்பது பெரும்பாலும் ‘வயல்’ ஆகும். இது நெல் விளையும் வயலன்று; குன்றுகளுக்கு இடையே நீர் தங்கிப் புல் செழிக்கும் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் சரிவுகளிலிருந்து கசியும் நீரை இது பஞ்சுபோல் ஏற்றுக்கொண்டு, பின்னர் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகிறது. தேக்குகள் இலையுதிர்த்து நிற்கும் கோடையிலும் இங்கே பசும்புல் இருப்பதால் காட்டெருது, கடமான், புள்ளிமான், யானை ஆகியவை இதனை நாடி வருகின்றன.

இத்தகைய நிலத்தின் குறுக்கே மண்ணைக் கொட்டிப் பாதை உயர்த்தினால், அது ஒரு கரையாகிவிடும். மேற்புறம் நீர் தேங்கும், கீழ்ப்புறம் காயும். பாதையைக் காக்க ஓரத்தில் வடிகால் வெட்டினாலோ தீங்கு இன்னும் மிகுதி. ஓர் அடி ஆழ வாய்க்காலும் சதுப்பின் நிலத்தடி நீர்மட்டத்தை இறக்க வல்லது. ஈரம் குறைந்த மண்ணில் உண்ணிச்செடி போன்ற களைகள் வேரூன்றுகின்றன, புல் பின்வாங்குகிறது. பாதை விழுங்கிய பரப்பு ஒரு ஹெக்டேருக்கும் குறைவாக இருக்கலாம். அது உலர்த்திய பரப்பு எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை.

கடலோரச் சதுப்புகளிலும் இதுவே நிகழ்கிறது. குட்டநாட்டு நெற்பயிரை உப்புநீரிலிருந்து காக்க வேம்பநாட்டு ஏரியின் குறுக்கே எழுந்து, 1976 முதல் பயன்பட்டுவரும் தண்ணீர்முக்கம் தடுப்பணை, வைக்கத்தையும் சேர்த்தலையையும் இணைக்கும் சாலையுமாகும். இதன் மதகுகள் கோடையில் சில மாதங்கள் மூடப்பட்டு, பிற காலங்களில் திறக்கப்படுகின்றன. ஆனால் நடுப்பகுதி நெடுங்காலம் வெறும் மண்கரையாகவே இருந்தது. மூன்றாம் கட்டப் பணி 2018இல் முடிந்த பின்னரே அங்கும் மதகுகள் அமைந்தன. ஒரே சாலைதான், மதகுள்ள பகுதியில் ஓதநீருக்கு ஆண்டின் பெரும்பகுதி வழி இருந்தது, மண்கரையில் பன்னிரண்டு மாதமும் வழியில்லை. ஏரியின் தென்பகுதியில் ஆகாயத்தாமரை பெருகியதையும் மீன்வளம் குன்றியதையும் ஆராய்ந்தோர் சாலையைக் குறை கூறவில்லை. நீரோட்டம் தடைப்பட்டதையே காரணமாகக் காட்டினர்.

இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடி இவ்வினாவின் மற்றொரு முனை. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்ட இங்கு முதுவர் வாழ்கின்றனர். பெட்டிமுடியிலிருந்து காட்டுவழியே நடந்து, நோயாளிகளைத் தோளில் சுமந்து செல்லும் நிலை நெடுங்காலம் இருந்தது. அத்தகைய மக்களிடம் ‘சதுப்பைக் காப்பதற்காகச் சாலையைக் கைவிடுங்கள்’ எனக் கூறுவது முறையாகாது. கூறத் தேவையும் இல்லை.

ஏனெனில் செய்யத்தக்கவை தெளிவாகவே உள்ளன. கூடியவரை பாதையைக் குன்றின் முதுகை ஒட்டிக் கொண்டு செல்லலாம். அதனால் சில மரங்கள் கூடுதலாக வீழ்ந்தாலும், வரம்பிற்குள் இருக்குமாயின், சதுப்பை இழப்பதைவிட அது சிறிய இழப்பே. சதுப்பைக் கடந்தே ஆக வேண்டிய இடத்தில் மண்ணுக்குப் பதிலாகப் பெருங்கற்களைப் பரப்பினால் நீர் அவற்றின் ஊடே கசிந்து செல்லும். ஒரே பெரிய பாலத்தைவிட, சதுப்பின் மட்டத்திலேயே பல சிறு குழாய்களை வைத்தல் நலம். பெரிய பாலம் பரந்து செல்லும் நீரை ஒரே இடத்தில் திரட்டி நிலத்தை அரிக்கச் செய்யும். சில வாரங்களே வெள்ளம் வரும் ஓடைகளுக்குத் தரைப்பாலம் போதும். பழைய பாதைகளின் ஓர வாய்க்கால்களைக் கல்லும் விறகும் கொண்டு ஆங்காங்கே அடைத்தால், உலர்ந்த வயலில் ஈரம் மீளும். அதன் பின்னரே களையெடுப்புப் பயன் தரும். இவற்றிற்குச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் சேற்றில் அமிழும் மண்பாதையைச் செப்பனிடும் செலவும் சிறிதன்று.

பாதையின் தடம் குறிக்கப்படும் காலமும் இங்கே பொருட்படுத்தத் தக்கது. மார்ச் மாதத்தில் அளவுச் சங்கிலி பிடித்துச் செல்பவருக்கு வயல் ஒரு புல்வெளியாகவே தோன்றும். நீர் எங்கே ஊறுகிறது, எங்கே தங்குகிறது என்பது தென்மேற்குப் பருவமழையின்போதே புலப்படும். அதை ஆண்டுதோறும் காண்பவர்கள் அங்கேயே வாழும் மக்கள். கிராம சபையின் பரிந்துரையைச் சட்டம் ஏற்கெனவே கோருகிறது. அப்பரிந்துரையுடன், மழைக்காலத்தில் அவர்களே உடன் நடந்து குறித்த நீர்த்தடங்களின் வரைபடம் ஒன்றையும் இணைக்கச் செய்ய, புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.