குதிரை எழுநூறு, பாரம் எவ்வளவு?

'பிக்கப்' என்னும் மோட்டார் வாகனம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. முன்புறத்தில் மனிதர் அமர ஓர் அறை. பின்புறத்தில் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. 1925-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியார் தங்கள் மாடல்-டி வண்டியில் இத்தகைய தொட்டியைத் தாமே பொருத்தி 281 டாலருக்கு விற்றார்கள். அதன் எஞ்சினுக்கு இருந்தது 20 குதிரைச் சக்திதான். அமெரிக்கக் குடியானவனுக்கு அது போதுமானதாயிருந்தது. அதே நாட்டில் இந்த நூற்றாண்டிலோ 700, 800, ஏன், 1,000 குதிரைச் சக்தி கொண்ட பிக்கப்புகளும் விற்பனைக்கு வந்துவிட்டன!

இவற்றுள் எது சிறந்தது? குதிரைகளை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்கின்றன விளம்பரங்கள். அந்தக் கணக்கு சரிதானா என்பதையே இங்கே ஆராயப் புகுகிறோம்.

வேகத்தில் வந்த புகழ்

சுமை வண்டிக்குப் பந்தய மோகம் பிடித்தது நேற்று இன்றல்ல. 1991-இல் ஜி.எம்.சி. கம்பெனியார் 'சைக்ளோன்' என்ற சிறு பிக்கப்பை வெளியிட்டார்கள். அதன் சக்தி 280 குதிரை. ஓர் அமெரிக்க மோட்டார் பத்திரிகை அதை இத்தாலியப் பந்தயக் காரான ஃபெராரியுடன் கால் மைல் தூரம் ஓட விட்டது. பிக்கப் ஜயித்தது! உலகமே மூக்கில் விரலை வைத்தது. ஆனால் அந்த வண்டி தாங்கக்கூடிய பாரம் 500 ராத்தல் மட்டுமே. நல்ல தேகக்கட்டுள்ள மூவர் ஏறினாலே அந்தக் கணக்குத் தீர்ந்துவிடும்.

பிறகு 2004-இல் டாட்ஜ் கம்பெனியாரின் 'ராம் எஸ்.ஆர்.டி.-10' மணிக்கு 154 மைலுக்கு மேல் ஓடி உலக சாதனை படைத்தது. அதற்குள்ளே இருந்தது 'வைப்பர்' என்ற பந்தயக் காரின் பத்து சிலிண்டர் எஞ்சின்.

இரண்டு ராட்சதர்கள்

இந்தப் பரம்பரையில் வந்தவையே ராம் கம்பெனியாரின் 'டி.ஆர்.எக்ஸ்.' வண்டியும் ஃபோர்டு கம்பெனியாரின் 'ராப்டர் ஆர்' வண்டியும். முன்னது 2021-ஆம் ஆண்டு மாதிரியாக 702 குதிரைச் சக்தியுடன் வந்தது. பின்னது 2023-இல் 700 குதிரைச் சக்தியுடன் வந்து, அடுத்த ஆண்டிலேயே 720 ஆக உயர்ந்தது. டி.ஆர்.எக்ஸ். நின்ற நிலையிலிருந்து நாலரை விநாடியில் 60 மைல் வேகத்தை எட்டும் என்று கம்பெனியார் சொன்னார்கள்.

இனிப் பாரத்தின் கணக்கைப் பார்ப்போம். 702 குதிரை டி.ஆர்.எக்ஸ். இழுக்கக்கூடிய பின்வண்டியின் எடை 8,100 ராத்தல். அதே கம்பெனியார் அதே ஆண்டில் விற்ற சாதாரண ராம் 1500 வண்டிக்கு 395 குதிரைச் சக்திதான். அதுவோ தக்க அமைப்புடன் 12,750 ராத்தல் வரை இழுத்தது! ஃபோர்டு வீட்டிலும் இதே கதைதான். 700 குதிரை ராப்டர் ஆர் இழுப்பது 8,700 ராத்தல். 400 குதிரை கொண்ட சாதாரண எஃப்-150 இழுத்ததோ 14,000 ராத்தல்.

இந்த விபரீதத்துக்குக் காரணம் என்ன? பெரிய குதிரை வண்டிகள் பாலைவன மணல்மேடுகளில் தாவிப் பாய்வதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் ஸ்பிரிங்குகள் மிருதுவானவை. சக்கரங்கள் வெகுவாக மேலும் கீழும் அசைய இடம் விடப்பட்டிருக்கிறது. தாவுவதற்கு ஏற்ற அந்த மிருதுத்தன்மை பாரம் தாங்குவதற்கு ஏற்றதல்ல.

முறுக்கும் வேகமும்

இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. எஞ்சின் தன் அச்சைத் திருப்பும் பலத்தை முறுக்கு விசை என்கிறோம். அந்த விசையையும் அச்சு சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவதே குதிரைச் சக்தி. டி.ஆர்.எக்ஸ். எஞ்சின் தன் 702 குதிரைகளையும் காட்ட நிமிஷத்துக்கு 6,300 தடவை சுழல வேண்டும். அதன் உச்ச முறுக்கு விசை 650 அடி-ராத்தல். 2023-இல் வந்த ஃபோர்டு 'சூப்பர் டியூட்டி' வண்டியின் பெரிய டீஸல் எஞ்சினுக்கு 500 குதிரைச் சக்திதான். ஆனால் நிமிஷத்துக்கு 1,600 சுழற்சியிலேயே 1,200 அடி-ராத்தல் விசையைத் தந்தது. அந்த வரிசையில் மிகப் பலமான வண்டி 40,000 ராத்தல், அதாவது சுமார் 18 டன், இழுக்க வல்லது. நிதானமாக நடந்து நெல் மூட்டைகளைக் கொண்டு சேர்க்கும் காளைக்கும், ரேஸ் குதிரைக்கும் உள்ள வித்தியாசம் இது.

மலைச்சாலையில் ஒரு பரீட்சை

ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி ஓர் அளவை வகுத்துக்கொண்டு, 'எங்கள் வண்டியே அதிகம் இழுக்கும்' என்று முரசடித்து வந்தது. எஸ்.ஏ.இ. என்னும் மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கத்தார் 2008-இல் ஜே-2807 என்ற பொது விதியை வெளியிட்டு இந்தக் குழப்பத்துக்கு முடிவு தேடினார்கள்.

அரிஸோனா மாகாணத்தில், கொலராடோ நதியின் டேவிஸ் அணைக்கு அருகில், 11.4 மைல் நீளமுள்ள ஏற்றம் ஒன்று இருக்கிறது. ஏறி முடிக்கையில் ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்துவிடுகிறோம். முழுப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு, குறைந்தது 100 டிகிரி வெயிலில், குளிர்சாதனத்தை முழுவதும் திறந்து வைத்து, சாதாரண பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் அங்கே ஏற வேண்டும். எஞ்சின் கொதிக்கக் கூடாது. நூறு அடிக்குப் பன்னிரண்டு அடி உயரும் சரிவில் நின்று நின்று புறப்படும் சோதனையும் உண்டு. டொயோட்டா கம்பெனியார் முதலில் இந்த விதியை ஏற்று, தாங்கள் முன்பு சொல்லிவந்த எடையைக் குறைத்தும் கொண்டார்கள். மற்றவர்கள் வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன.

குடும்பத்தின் கணக்கு

வாங்குகிறவனுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். டி.ஆர்.எக்ஸ். தன் முதுகில் தாங்கக்கூடியது 1,310 ராத்தல். பின்வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை இணைப்பின் வழியே அந்த முதுகின்மேல்தான் விழும். 8,100 ராத்தலுக்குக் குறைந்தபட்சக் கணக்கே 810 ராத்தல். மிச்சம் 500. ஐந்து பேர் அமரும் வண்டியில் பெரியவர் மூவர் ஏறினாலே கணக்குச் சரி. பெட்டி படுக்கைக்கு இடமில்லை! இதை மறந்து மலை இறங்கும் குடும்பத்தைக் குதிரைகள் காப்பாற்றமாட்டா. பிரேக்கும் ஸ்பிரிங்கும் சக்கரமும்தான் காப்பாற்ற வேண்டும்.

மின்சார வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. ஜி.எம்.சி. ஹம்மரின் 2022-ஆம் ஆண்டு வண்டிக்கு 1,000 குதிரைச் சக்தி. அதன் சொந்த எடை 9,000 ராத்தலுக்கு மேல். அது இழுத்ததோ 7,500 ராத்தல். ஆயினும் 835 குதிரையுடன் வந்த ரிவியன் 11,000 ராத்தல் இழுத்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் பெரிய பாரத்தை இழுக்கையில் மின்சார வண்டி ஓடக்கூடிய தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

குதிரைச் சக்தி என்ற அளவை வகுத்தவர் ஜேம்ஸ் வாட். 33,000 ராத்தலை ஒரு நிமிஷத்தில் ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரையின் சக்தி என்றார் அவர். அந்த அளவு பிறந்ததே பாரத்திலிருந்துதான். பாரத்தை மறந்துவிட்டுக் குதிரைகளை மட்டும் எண்ணுவது, மகசூலைக் கேட்காமல் ஏர்களை மட்டும் எண்ணுவதைப் போன்றதே.