பண்ணைக் குட்டை மீன்களின் நலிவும் அதற்குரிய சிகிச்சையும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் முடிந்து ஐயங்குளத்தில் தெப்போற்சவம் நடைபெறும் காலத்தில், பருவமழை பொய்க்காத வருஷங்களில், நமது ஜில்லாவின் ஏரிகளும் பண்ணைக் குட்டைகளும் நிறைந்திருக்கும். கோடையில் ஜலம் வற்றுமுன் குடியானவருக்கு ரொக்கமாகக் கைக்கு வருவன அவற்றில் வளரும் மீன்களே. ஆனால் மப்பும் பனியும் கூடிய அக்காலமே மீன்கள் நலிவுறும் காலமுமாகும். ஒரே இரவில் ஒரு வருஷப் பிரயாசை வீணாகக் கூடுமாதலால், அடியிற் கண்டவற்றைக் குடியானவர்கள் கவனிப்பது நலம்.

மீன் நலிந்தால் மருந்துக் கடைக்கு ஓடுவது தவறு. முதலில் ஜலத்தைப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தமைக்குக் கடல் ஜலம் சூடேறியதே காரணம். பட்டணங்களில் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போரும், அது வெளுத்தால் ஜலத்தின் உப்பையும் சூட்டையும் சுண்ணாம்புச் சத்தையுமே முதலில் சோதிக்கின்றனர். குட்டை மீனுக்கும் இம்முறையே பொருந்தும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் பிராணவாயு குறைந்துள்ளதென்று அறிக. பசும்பாசி பகலில் பிராணவாயுவை வெளிவிடும். இரவிலோ அதுவும் மீனோடு சேர்ந்து அதனை உட்கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருத்தல் நன்று. 3க்குக் கீழே போனால் அபாயம். இவ்விதத்தில் பெரிய மீன்களே முதலில் சாகும். முழங்கை வரை கையை ஜலத்தில் அமிழ்த்திப் பார்த்து, முழங்கை நனையுமுன்னரே பாசியின் பசுமையால் உள்ளங்கை மறைந்துவிடின், பாசி மிதமிஞ்சியதென்று கொள்ளலாம். உடனே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்தி, கிணற்று ஜலத்தை உயரத்திலிருந்து சிதறி விழும்படி இறைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று ஜலத்தில் பிராணவாயு குறைவாதலால், குழாயை ஜலத்துள் அமிழ்த்தி விடுவதில் பயனில்லை.

தின்னாத தீவனம் அடியில் அழுகினால் சேறு துர்நாற்றமடித்து நச்சுவாயு பிறக்கும். குளத்து மீனுக்குப் பொரி இடுவது போல மனம்போனவாறு இடாமல், 100 கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோ தீவனமே அளந்திடுக.

பெரியதும் சிறியதும் தவளையும் பூச்சியும் ஒருங்கே மடிந்தால், வயலில் தெளித்த பூச்சிமருந்து குட்டையில் கலந்ததென்று சந்தேகிக்க வேண்டும். அந்த மீனை உண்பதும் விற்பதும் கூடா.

மீன்கள் செடியிலும் கல்லிலும் உடலைத் தேய்த்தால் மீன் பேன் உளதா என்று பார்க்க. மூங்கில் கழிகளை நட்டுவைத்தால் பேன் அவற்றில் முட்டையிடும். வாரமொருமுறை பிடுங்கி வெயிலில் உலர்த்தி மீண்டும் நடுக.

உடலில் செம்புள்ளி தோன்றிப் புண்ணாகி, தினம் சில மீன்கள் சாவது பூஞ்சணத்தால் உண்டாகும் புண்நோயாக இருக்கலாம். இது 1988இல் இந்தியாவில் தோன்றிற்று. விராலையும் கெண்டையையும் முதலில் தாக்கும். ஜலத்தின் காரத்தன்மையைச் சோதித்து, அது மிகாதிருப்பின், ஏக்கருக்கு 40 கிலோ வீதம், அதாவது 10 சென்ட் குட்டைக்கு 4 கிலோ, விவசாயச் சுண்ணாம்பைக் கரைத்துக் காலை வேளையில் பரவலாகத் தெளிக்கலாம். புவனேசுவரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இந்நோய்க்கெனக் கண்ட ‘சிஃபாக்ஸ்’ என்னும் மருந்தும் உண்டு. மீன்வளத் துறையினரின் யோசனைப்படியே அதனை உபயோகிக்க வேண்டும்.

இறந்த மீனை ஏரியிலோ ஓடையிலோ எறிவது பெருங்கேடு. நமது ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. ஓர் ஏரியின் மறுகால் ஜலமே அடுத்த ஏரியை நிரப்புகிறது. ஒருவர் குட்டையில் வந்த புண்நோய் பல கிராமங்களின் ஏரி மீன் குத்தகையையே கெடுத்துவிடக்கூடும். ஆகவே இறந்தவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க. குட்டைக்கு உடையவர் தாமதியாமல் கிராம நிர்வாக அலுவலருக்கு அறிவிக்கவும், அவர் அன்றே மீன்வளத் துறையினருக்குத் தெரிவித்து, அதுவரை குட்டை ஜலம் வெளியேறாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.